நாட்டு வெள்ளாட்டு ஜாதிகளைக் காக்கும் முறை

குடியானவர்களிடமுள்ள கால்நடைகளில் அவசர வேளையில் எளிதில் பணமாகக்கூடியது வெள்ளாடே. மழை பொய்த்து மானாவாரிப் பயிர் கருகிய வருஷத்தில், கறவை மாட்டை விற்பவன் நித்திய வரும்படியை இழக்கிறான். நகையை அடகு வைப்பவன் வட்டிக்கு உள்ளாகிறான். இரண்டு கிடாக்குட்டிகளை விற்பவனோ மந்தையின் முதல் குறையாமலே செலவைச் சமாளித்துக்கொள்கிறான். நிலமுடையோருக்கு ஆட்டுக்கிடையினால் கிடைக்கும் எரு வேறு லாபம். ஆகையால் வெள்ளாட்டு ஜாதிகளின் நிலையை விசாரித்தறிவது ஆடு வளர்ப்போருக்கு மட்டுமன்றி, விவசாயிகள் எல்லோருக்கும் உரிய காரியமாகும்.

2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 81 லட்சமாக இருந்த வெள்ளாடுகள், 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 99 லட்சமாகப் பெருகின. இவ்வாறு தொகை பெருகி வருகையில் ஜாதிகள் அழியும் அபாயம் உண்டென்பது எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவக்கூடும். தலைகளின் தொகை வேறு. வம்சங்களின் தொகை வேறு. ஆயிரம் ஆடுகள் நான்கைந்து கிடாக்களின் சந்ததியாக இருப்பின், அவை தலையெண்ணிக்கையில் ஆயிரமேயாயினும் வம்ச பலத்தில் மிகச் சிலவேயாகும். இவ்வுண்மையையும், இதனால் விளையும் தீங்கையும், அதைத் தடுக்கும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தமிழ்நாட்டின் ஜாதி வெள்ளாடுகள்

ஹரியானாவிலுள்ள கர்னாலில் இயங்கும் தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் தனித்த ஜாதிகளெனப் பதிவு செய்துள்ள தமிழ்நாட்டு வெள்ளாடுகள் மூன்று உள.

கன்னி ஆடு: விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களின் வறண்ட பகுதிகளுக்கு உரியது. உயர்ந்த கால்களும் கறுத்த உடலும் உடையது. முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து மூக்கு வரையில் ஓடும் இரண்டு கோடுகள் இதன் அடையாளம். கோடுகளும் அடிவயிறு முதலிய இடங்களும் வெண்மையாயிருப்பின் பால்கன்னி என்றும், செம்பழுப்பாயிருப்பின் செங்கன்னி என்றும் வழங்குவர். இரட்டைக் குட்டி ஈனுதல் இதனிடத்தில் சாதாரணம்.

கொடி ஆடு: தூத்துக்குடி, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களில் காணப்படுவது. நெடிய கால்களும் நீண்டு மெலிந்த உடலும் உடையது; நெடுந்தூரம் நடந்து மேய வல்லது. வெண்மை நிறத்தில் கறுப்புத் திட்டுகள் தெறித்தாற்போல் இருப்பது கரும்போரை. சிவப்புத் திட்டுகள் இருப்பது செம்போரை.

சேலம் கறுப்பு: சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, கரூர், நாமக்கல் ஜில்லாக்களுக்கு உரியது. பெயருக்கேற்ப உடல் முழுவதும் கறுத்து, உயர்ந்து, மெலிந்த தோற்றமுடையது.

இவற்றைத் தவிர, எந்த ஜாதியிலும் சேர்க்கப்படாது நாட்டு ஆடு என்ற பொதுப்பெயரால் வழங்குபவை அநேகம். இந்தியா முழுவதிலும் 2019-ஆம் ஆண்டில் எண்ணப்பட்ட சுமார் 14 கோடியே 89 லட்சம் வெள்ளாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையினவே.

2. வம்ச பேதம் என்பது யாது?

உலகிலுள்ள வீட்டு வெள்ளாடுகள் யாவும், மேற்கு ஆசியாவின் மலைப்பகுதிகளில் வாழும் பெசோவர் என்னும் காட்டாட்டினத்திலிருந்து சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டவற்றின் சந்ததிகள். அவை தேசந்தோறும் பரவி, அந்தந்த இடத்து வெயில், மழை, தீனி, நோய் ஆகியவற்றிற்கு ஏற்றவை தங்கியும் ஏலாதவை மடிந்தும், வளர்ப்போர் விரும்பியவை பெருகியும் பற்பல ஜாதிகளாயின. கரிசல் காட்டில் உடைமரத்து நெற்றையும் காய்ந்த சருகையும் தின்று, கோடையில் தண்ணீருக்கு நெடுந்தூரம் நடந்து, இரண்டு குட்டிகளையும் பாலூட்டி வளர்க்கும் திறமை கன்னி ஆட்டுக்கு ஒரு நாளில் வந்ததன்று. பல நூறு தலைமுறைகளில் சேர்ந்த முதல் அது.

ஒவ்வொரு குட்டியும் ஒவ்வொரு குணத்திற்கும் தந்தையிடமிருந்து ஒரு மரபணுவும் தாயிடமிருந்து ஒரு மரபணுவுமாக இரண்டைப் பெறுகிறது. இவை ஆட்டுக்கு ஆடு சிறிது வேறுபடுவதே வம்ச பேதம். இப்பேதத்தினால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, மந்தையில் எல்லா ஆடுகளும் ஒரே தன்மையாக இராமையால், புதிய நோயோ கடும் பஞ்சமோ நேரிடின் சிலவேனும் தாங்கி நிற்கும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-ஆம் ஆண்டில், இன்றைய விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த அரசூரில் கண்டறியப்பட்டது. அதற்கு முன் அந்நோயை இந்நாட்டு ஆட்டுக்காரர் பெயரிட்டு அறிந்திலர். அடுத்து வரும் நோய் எதுவென்று இன்று ஒருவரும் சொல்ல இயலாது. தடுப்பூசிக்கு ஈடாக வம்ச பேதத்தைக் கொள்ளலாகாதெனினும், தடுப்பூசி கண்டுபிடிக்கப்படுமுன் மந்தைக்குள்ள துணை அதுவேயாகும்.

இரண்டாவது நன்மை, மறைந்து கிடக்கும் குறைகள் வெளிப்படாதிருத்தல். நல்ல ஆட்டிடமும் கேடு விளைக்கும் மரபணு ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அதன் இணையான மற்றது நன்றாயிருப்பின் கேடு தோன்றாது. தகப்பனும் மகளும் சேருங்கால், ஒரே மூதாதையிடமிருந்து வந்த அக்கேடு குட்டியில் இரட்டிக்க இடமுண்டாகிறது. தகப்பன்–மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உறவு நெருக்கம் நூற்றுக்கு 25. தகப்பன் ஒன்றாகவும் தாய் வேறாகவும் உள்ளவை சேர்ந்தால் நூற்றுக்கு 12½. நெருக்கம் ஏற ஏறச் சினைபிடித்தல் குறையும். குட்டிகள் எடை குறைந்து பிறக்கும். பால்குடி மறக்குமுன் இறப்பவை மிகும். இவை சிறிது சிறிதாக வருவதால், பராமரிப்பின் குறையென்றும் தீனியின் குறையென்றும் எண்ணி விடுகின்றனர்.

3. ஜாதிகள் அழியும் மூன்று வழிகள்

முதல் வழி, சிறந்த கிடாக்குட்டியை முதலில் விற்பது. பக்ரீத், தீபாவளி, கோயில் கொடைகள் ஆகிய சமயங்களில் வியாபாரி பட்டிக்கு வந்து, வேகமாய் வளர்ந்த குட்டிகளையே பொறுக்கி விலை பேசுகிறான். விற்றவை போக மிஞ்சிய சோனிக் கிடா மந்தையில் திரிந்து பெட்டைகளைச் சினைப்படுத்துகிறது. குடியானவன் கருதாமலே, ஆண்டுதோறும் மெதுவாய் வளரும் குணத்தையே பொறுக்கி எடுத்துப் பெருக்குகிறான். விதை நெல்லாக எவரும் பதரை ஒதுக்கி வைப்பதில்லை; ஆட்டில் மட்டும் இம்முறை நடந்து வருகிறது.

இரண்டாம் வழி, ஒரே கிடாவை நெடுங்காலம் வைத்திருப்பது. ஒரு கிடா மந்தையில் விடப்பட்ட 5-ஆம் மாதத்தில் அதன் குட்டிகள் பிறக்கத் தொடங்கும். பெட்டைக்குட்டிகள் 7 மாத வயதிலேயே பருவத்திற்கு வருதலும் உண்டு. ஆகவே ஓராண்டு கடந்தால் அக்கிடா தன் மகள்களோடு சேரும் காலம் வந்து விடுகிறது. மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே கிடாவை வைத்திருக்கும் மந்தையில் நடப்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாம் வழி, கணக்கின்றி வெளிஜாதிக் கிடாக்களைச் சேர்ப்பது. ஜமுனாபாரி, தலைச்சேரி, தென்னாப்பிரிக்காவின் போயர் ஆகியவை தத்தம் இடங்களில் சிறந்த ஜாதிகளே. போயர்க் கலப்பில் பிறந்த முதல் தலைமுறைக் குட்டிகள் நன்கு தீனியிட்டால் எடை ஏறுவதும் மெய்யே. ஆயினும் அப்பெட்டைக்குட்டிகளையும் மறுபடி வெளிக்கிடாவோடு சேர்த்துக்கொண்டே போனால், நாட்டு ஜாதியின் பங்கு முதல் தலைமுறையில் பாதி, இரண்டாவதில் கால், மூன்றாவதில் அரைக்கால், நான்காவதில் மாகாணி என்று தேய்ந்து விடும். தலைமுறைக்கு மூன்று ஆண்டுகள் எனக் கொண்டால், பன்னிரண்டு ஆண்டுகளில் அக்கிராமத்தில் கன்னி ஆடு என்பது பெயரளவிலேயே நிற்கும். அதன்பின் பஞ்ச வருஷத்தில், மேய்ச்சலிலேயே பிழைக்கும் ஆடு வேண்டுமென்று தேடினால் அகப்படாது.

4. பொலிகிடாக்களின் கணக்கு

ஒரு மந்தையின் வம்ச பலத்தைக் கணிக்க எளிய சூத்திரமொன்று உண்டு. கிடாக்களின் எண்ணையும் பெட்டைகளின் எண்ணையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, இருபாலின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வரும் ஈவே பயனுறு எண். 50-ஐ அந்த ஈவால் வகுத்தால், ஒரு தலைமுறையில் உறவு நெருக்கம் நூற்றுக்கு எவ்வளவு ஏறும் என்பது கிடைக்கும்.

கிடா 1, பெட்டை 30: பயனுறு எண் 3.9, நெருக்க ஏற்றம் நூற்றுக்கு 12.9
கிடா 5, பெட்டை 150: பயனுறு எண் 19.4, நெருக்க ஏற்றம் 2.6
கிடா 5, பெட்டை 300: பயனுறு எண் 19.7, நெருக்க ஏற்றம் 2.5
கிடா 10, பெட்டை 150: பயனுறு எண் 37.5, நெருக்க ஏற்றம் 1.3
கிடா 15, பெட்டை 450: பயனுறு எண் 58.1, நெருக்க ஏற்றம் 0.9

இக்கணக்கிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். கிடாக்களின் தொகையை மாற்றாது பெட்டைகளை இரட்டித்தாலும், பயனுறு எண் 19.4-லிருந்து 19.7-க்கே உயர்கிறது, பெட்டைகளை மாற்றாது கிடாக்களை இரட்டித்தாலோ அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆகவே ஜாதியின் ஜீவன் கிடாக்களின் தொகையில் அடங்கியுள்ளது. இரண்டாவது, 30 பெட்டைகளும் ஒரு கிடாவும் வைத்துள்ள தனி மிராசுதார் ஒருவர், எவ்வளவு முயன்றாலும், வெளியிலிருந்து கிடா பெறாது தம் மந்தையைக் காத்தல் இயலாது. மூன்றாவது, ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை ஸ்தாபனத்தார் ஒரு ஜாதியைக் காப்பதற்குப் பயனுறு எண் 50-க்குக் குறையலாகாது என்கின்றனர். ஐந்து பட்டிகளுள்ள ஒரு கிராமம் அதை எட்டுவதில்லை. அத்தகைய மூன்று கிராமங்கள் ஒன்றுகூடினால் எட்டுகின்றன. மேற்படி கணக்கு, ஆடுகள் ஒன்றுக்கொன்று உறவற்றவை எனவும் எல்லாக் கிடாக்களும் சமமாய்ப் பயன்படுகின்றன எனவும் கொண்டு போடப்பட்டது. நடைமுறையில் நிலைமை இதனினும் சிறிது தாழ்ந்தே இருக்குமாதலால், கிடாக்களைச் சற்று அதிகமாகவே வைத்துக்கொள்ளல் நலம்.

5. கிராமத்தில் கைக்கொள்ளத்தக்க முறை

(அ) சுழற்சி. கிராமத்திலுள்ள ஐந்து பட்டிக்காரர் சேர்ந்து, பட்டிகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பட்டியிலும் 25 அல்லது 30 பெட்டைகளுக்கு ஒரு பொலிகிடா இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த மாதத்தில், 1-ஆம் பட்டிக் கிடாவை 2-ஆம் பட்டிக்கும், 2-ஆவதை 3-ஆம் பட்டிக்கும், இவ்வாறே 5-ஆவதை 1-ஆம் பட்டிக்கும் மாற்ற வேண்டும். பெட்டைகள் இடம் மாறலாகாது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் உழைத்த கிடாவை நீக்கி, வேறு பட்டியில் பிறந்த அதன் உறவற்ற இளங்கிடாவை அவ்விடத்தில் அமர்த்த வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அண்டைக் கிராமச் சுழற்சியோடு ஒரு கிடாவை மாற்றிக்கொள்ளுதல் அவசியம். கிடா மாறும்பொழுது நோயும் உடன் வரக்கூடுமாதலால், புதிதாய் வந்ததை மூன்று வாரங்கள் தனியே கட்டி வைத்துக் கவனித்த பின்னரே மந்தையில் விடுதல் வேண்டும்.

(ஆ) கிடாவைத் தெரிந்தெடுத்தல். ஜாதி அடையாளங்கள் பொருந்தியிருத்தல், கால்கள் நேராயிருத்தல், இரண்டு விதைகளும் ஒத்திருத்தல் ஆகியவற்றோடு தாயின் சரித்திரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு ஈற்றுகளிலேனும் இரட்டைக் குட்டி ஈன்று, இரண்டையும் காப்பாற்றிய தாயின் குட்டியே ஏற்றது. இங்கு ஒரு பிழை நேர இடமுண்டு. தனியே பிறந்த குட்டி தாய்ப்பால் முழுவதையும் குடித்து, இரட்டையில் ஒன்றைக் காட்டிலும் எடை மிகுந்து நிற்கும். மூன்றாம் மாதத்தில் கனத்தது எதுவெனப் பார்த்து மட்டும் பொறுக்குவோர், தம்மையறியாமலே ஒற்றைக் குட்டி ஈனும் வம்சத்தைப் பெருக்கி, இரட்டை ஈனும் குணத்தைக் கழித்து விடுவர். ஆகையால் இரட்டையில் பிறந்ததை இரட்டையில் பிறந்தவற்றோடும், ஒற்றையை ஒற்றைகளோடும், ஒரே பருவத்தில் பிறந்தவற்றிற்குள்ளேயே ஒப்பிட வேண்டும்.

(இ) கிரயத்தைப் பகிர்தல். சிறந்த கிடாக்குட்டியை விற்காமல் நிறுத்துகிறவனுக்கு அப்போதைக்கு நஷ்டமுண்டு. ஏழை ஒருவன் தனியே அந்நஷ்டத்தைத் தாங்கும்படி விடுவது நியாயமுமன்று, நீடித்து நடவாது. வியாபாரி கொடுக்கும் விலையை ஐந்து பட்டிக்காரரும் சேர்ந்து கொடுத்து, அக்குட்டியைச் சுழற்சியின் பொதுக்கிடாவாக்கிக் கொள்ளல் வேண்டும். கிடா கழிக்கப்படும்பொழுது வரும் கிரயம் அடுத்த கிடாவுக்கு உதவும். நிலமுடையோர் முதற்பணம் அளித்து இதைத் தொடங்கி வைத்தல் எளிது. தங்கள் நிலத்தில் கிடை அமர்த்துவோருக்கு அதனால் வரும் பயனும் உண்டு.

(ஈ) மற்றவற்றிற்குக் காயடித்தல். பொலிவுக்கு வேண்டாத கிடாக்குட்டிகளை நான்காம் மாதத்திற்குள் விற்றுவிட வேண்டும். அல்லது கால்நடை மருத்துவரைக் கொண்டு காயடிக்க வேண்டும். இதைச் செய்யாவிடின் மேற்கூறிய ஏற்பாடுகள் அனைத்தும் வீணாம். கோயிலுக்கு நேர்ந்துவிட்டுக் காவலின்றித் திரியும் கிடாவும் பல பட்டிகளில் தகப்பனாகிறது என்பதை நினைவில் வைத்து, நேர்த்திக்கடன் செலுத்தும் நாள்வரை அதைக் கட்டி வளர்த்தல் நலம்.

(உ) கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குட்டி பிறந்த தேதி, தாய், தகப்பன், ஒற்றையா இரட்டையா என்பது, பிறந்தபோதும் 3-ஆம், 6-ஆம் மாதங்களிலும் எடை, இறந்தால் காரணம் ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். சர்க்காரார் காதில் பொருத்தும் 12 இலக்க எண்ணுள்ள காதுவில்லை இருப்பின் அவ்வெண்ணையே பெயராகக் கொள்ளலாம்.

6. கலப்பு முற்றிலும் ஆகாதா?

அவ்வாறன்று. தீவனப் பயிருக்கு நீர்வசதியும் கொட்டகையும் உள்ளோர் மாமிசத்திற்காகக் கலப்புக் குட்டிகளை வளர்த்தல் குற்றமன்று. ஆயின் அதற்கு எல்லையுண்டு. மந்தையின் சிறந்த பெட்டைகளைச் சொந்த ஜாதிக் கிடாவுக்கே ஒதுக்கி, அடுத்த தலைமுறைக்கு வேண்டாத பெட்டைகளை மட்டும் கலப்புக்கு விடலாம். அதில் பிறந்த குட்டிகள், ஆணாயினும் பெண்ணாயினும், அனைத்தும் மாமிசத்திற்கு விற்கப்பட வேண்டும். கலப்புக் கிடாவை எக்காரணத்தாலும் மந்தையில் பொலிவுக்கு நிறுத்தலாகாது. நாட்டு ஜாதி அழிந்தால், முதல் தலைமுறைக் கலப்பில் காணும் வீரியமும் பின்னர் கிடையாது. ஏனெனில் அவ்வீரியம் இரண்டு வெவ்வேறு வம்சங்கள் சேர்வதாலேயே தோன்றுவது.

விந்துவைத் திரவ நைட்ரஜனில் பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி குளிரில் உறையவைத்துப் பல ஆண்டுகள் சேமிக்கலாமே, மந்தையைக் காப்பானேன் என்று கேட்போரும் உளர். அச்சேமிப்பு அவசியமே, ஆனால் விந்து மட்டும் இருந்து பெட்டைகள் அழிந்தபின், வேறு ஜாதிப் பெட்டைகளைக் கொண்டு பல தலைமுறைகள் உழைத்தாலன்றிப் பழைய ஜாதி திரும்பாது. மேலும், உறைந்த விந்து மாறும் காலநிலையைக் கற்பதில்லை. மேயும் மந்தையே கற்கிறது.

7. கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

2007-ஆம் ஆண்டில் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து இண்டர்லாக்கன் நகரில், கால்நடை மரபு வளங்களைக் காக்க உலக நாடுகள் பொதுத்திட்டமொன்றை ஏற்றன. அவ்வாண்டு உணவு, வேளாண்மை ஸ்தாபனத்தார் வெளியிட்ட அறிக்கையில், இனப்பெருக்கத்திற்குரிய பெட்டைகள் 100 அல்லது அதற்குக் குறைவாகவோ, பொலிகிடாக்கள் 5 அல்லது அதற்குக் குறைவாகவோ உள்ள ஜாதி மிகக் கடிய ஆபத்தில் உள்ளதென வகுக்கப்பட்டது. இரண்டில் எது நேரினும் ஆபத்தே என்பது கவனிக்கத்தக்கது. அந்நிலைக்கு வருமுன் அறிய வேண்டுமானால் கிராமத்துக் கணக்கு சரியாயிருத்தல் வேண்டும்.

கால்நடைக் கணக்கெடுப்போர் வருங்கால் உடையவர்கள் யாவற்றையும் நாட்டு ஆடு என்று சொல்லிவிடுகின்றனர். கன்னி, கொடி, சேலம் கறுப்பு என்று ஜாதி குறிக்கும்படி அதிகாரிகள் எடுத்துரைத்தல் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஊராட்சிதோறும் அமையும் குழுவின் மக்கள் பதிவேட்டில், பயிர்களையும் மூலிகைகளையும் போலவே ஆட்டு ஜாதிகளும், அவற்றை வளர்க்கும் பட்டிகளும், பொலிகிடாக்களின் தொகையும் இடம்பெற வேண்டும். மேய்ச்சல் புறம்போக்குகளை ஆக்கிரமிப்பினின்று காத்தல் அடுத்த கடமை. மேய்ச்சலால் உருவான ஜாதி மேய்ச்சலின்றி நிலைக்காது. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி போடும் நாளைக் கால்நடை மருத்துவரோடு கலந்து முன்கூட்டியே தெரிவித்து, ஒரு பட்டியும் விடுபடாதபடி பார்த்தலும் வேண்டும்.

சுருக்கம்

பொலிகிடாவை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக. சிறந்த கிடாக்குட்டியை விற்குமுன் மந்தைக்கு வேண்டியதை நிறுத்துக. இரட்டையை இரட்டையோடு ஒப்பிட்டுப் பொறுக்குக. வேண்டாத கிடாக்களுக்குக் காயடித்திடுக. கலப்புக் குட்டிகளை மந்தையில் நிறுத்தாது விற்றிடுக. பிறப்பும் உறவும் எழுதி வைக்குக. அண்டைக் கிராமத்தாரோடு சேர்ந்து கிடாக்களின் தொகையைப் பெருக்குக.

இவற்றுள் பெரும் பொருட்செலவு வேண்டுவது ஒன்றுமில்லை. ஐந்து பட்டிக்காரர் ஒரு நாள் கூடிப் பேசினால் தொடங்கிவிடலாம். அடுத்த பண்டிகைக்கு வியாபாரி கிராமத்திற்குள் வருமுன் அக்கூட்டம் நடைபெறுமாயின், எந்தக் குட்டி சந்தைக்குப் போகும், எந்தக் குட்டி பட்டியில் நிற்கும் என்பதை அவன் தீர்மானிக்காமல் குடியானவர்களே தீர்மானிப்பார்கள்.